நிழல் பார்த்து நிறுத்திய வண்டி

இறந்தவரின் அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கலயத்தை வெளியே ஒரு மரக்கிளையில் கட்டிவைத்துவிட்டு, வெகு சீக்கிரத்தில் பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோய் ஆற்றில் கரைத்துவிடுவார்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. மரத்துக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒரு சமுத்திரம் கிடந்தால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்திருக்க நியாயமில்லை.

என் மனைவி கலிபோர்னியாவில், சன்னிவேலில், எங்கள் மகனுடைய அடுக்ககத்தில் தங்கியிருந்தபோது, ஒரு ஜூன் மாதத் தொடக்கத்தில் இறந்தாள். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மருமகளின் பிரசவத்துக்கு உதவியாக இருக்க ஏப்ரலிலேயே இருவரும் வந்திருந்தோம். ஆகஸ்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் இட்லிக்கு மாவு எடுத்துவைத்தவள், நெஞ்சை என்னவோ செய்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தார்கள். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

தகனம் முடிந்து அவர்கள் கொடுத்தது கலயம் அல்ல, மூடி இறுகிய கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. மகன் அதை மஞ்சள் துணியில் கட்டிக் காரின் டிக்கியில் வைத்தான். வீட்டுக்கு வந்ததும் ஈரோட்டிலிருந்த தன் தாய்மாமனைத் தொலைபேசியில் கூப்பிட்டான். அவர் முதலில் கேட்டது, "எங்க வெச்சிருக்கறே?" என்பதுதான்.

"இன்னும் கார்லதான் மாமா இருக்கு."

"அப்ப அங்கயே இருக்கட்டும். ஊட்டுக்குள்ள கொண்டு போயறாதே, புள்ளத்தாச்சி இருக்கற ஊடு. வெளிய மரம் கிரம் இருந்தாக் கட்டி உடு."

வெளியே மரங்கள் இருந்தன. ஆனால் அவை அடுக்ககத்து நிர்வாகம் வளர்த்த மரங்கள். விடியற்காலையில் புல்தரையிலிருந்து தண்ணீர் தானாகப் பீய்ச்சியடித்து அவற்றின் கிளைகளை நனைக்கும். கிளையில் ஒரு மஞ்சள் மூட்டை தொங்குவதைக் கண்டால் மேனேஜர் போலீசைக் கூப்பிட்டுவிடுவார் என்றான் மகன். எனவே அவன் அம்மா காரிலேயே இருந்தாள்.

ஊருக்குக் கொண்டுபோவதில் ஒரு சிக்கல் இருந்தது. காரியம் செய்ய வேண்டியவன் ஒரே மகன். அவனுடைய விசாவை அமெரிக்காவிலேயே நீட்டித்திருந்தார்கள். நாட்டைவிட்டு வெளியே போனால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிதாக முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. முத்திரைக்குப் போய் அங்கேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களை அவன் அறிவான். கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு அவன் எப்படிப் போவான்? அவனுக்குப் பதிலாகத் தான் நின்று செய்வதாக என் மைத்துனர் சொன்னார். நான் மட்டும் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த வாரமே விமானம் ஏறியிருக்கலாம்.

நான் ஏறவில்லை. மருமகளுக்குத் துணை வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யல்ல, ஆனால் அது மட்டுமே காரணமும் அல்ல. அவள் அந்த நாட்டுக்கு வந்தது பேரக்குழந்தையைப் பார்ப்பதற்காக. அது பிறக்குமுன் அவளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். எரிந்த எலும்பில் எஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட் என்று கரும்பலகையில் எழுதியவன். அந்தப் பெட்டி எதையும் பார்க்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் குழந்தை பிறக்கும்வரை அது எங்களோடு இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்தக் கோடை முழுவதும் நான் விரும்பியது அது ஒன்றைத்தான்.

சனிக்கிழமைகளில் மகன் என்னை வெளியே அழைத்துப் போனான். "ஊட்டுக்குள்ளயே உக்காந்திருக்காதீங்கப்பா. டாக்டர் இவளையும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்காங்க" என்பான். போன இடங்களெல்லாம் வசந்தகாலத்தில் அவன் தன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்த இடங்கள்தாம். அதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவற்றில் ஒன்றை மட்டும் அவள் பார்த்திருந்தாள். எல் கமீனோ சாலையோரத்தில், இந்திய உணவகங்களும் கார்க் கடைகளும் நெருக்கியடித்தது போக மிஞ்சிய ஒரு செர்ரித் தோப்பு. மே மாதக் கடைசியில் அங்கே கூடையில் பழம் விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஒன்றை வாயில் போட்டுக் கொட்டையைக் கையில் துப்பிப் பார்த்துவிட்டு, "நாவப்பழத்துக்குச் செவப்புச் சீல கட்டுனாப்பல இருக்குதுங்க" என்றாள். மலைகள் அப்போதே காய்ந்து மஞ்சளாகியிருந்தன. அங்கே அதைப் பொன் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் வறட்சி.

"கோடை முச்சூடும் மழையே வராதா?" என்று மகனிடம் கேட்டாள்.

"நவம்பர் வரைக்கும் ஒரு சொட்டு வராதும்மா."

"அப்பறம் கோடை முடிஞ்சுதுன்னு எப்பிடிறா தெரியும்? மழ வந்தில்ல சொல்லோணும்?"

அவளுக்கு அந்த ஊரில் இன்னொன்றும் ஒத்துவரவில்லை. அங்கே கோடையில் எட்டரை மணிக்குத்தான் சூரியன் மறையும். மருமகள் வேலையிலிருந்து வந்ததும், கடிகாரம் பார்த்து, ஆறு மணிக்குச் சாமி விளக்கை ஏற்றிவிடும் பழக்கமுள்ளவள். இவள் தடுத்துவிட்டாள். "வெய்யல் வெளிச்சத்துல வெளக்கு வெச்சா, அதென்ன வெளக்கு? இருட்டட்டும் கண்ணு." தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்பாள். சாப்பாடு ஆறிப்போகும். வெளியில் கார்கள் ஒவ்வொன்றாக முகப்பு விளக்கைப் போட்ட பிறகு உள்ளே வந்து ஏற்றுவாள். அவள் போன பிறகும் மருமகள் ஆறு மணிக்குத் திரும்பவில்லை. எட்டரைவரை காத்திருந்தே ஏற்றினாள்.

முதல் பயணம் கடற்கரைக்கு. மலையைத் தாண்டிப் போகும் பாதை பாம்புபோல் வளைந்து இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. பெட்டி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் நகரும் சத்தம். மகன் வேகத்தைக் குறைத்தான். பாட்டுப் போட்டிருந்ததை மருமகள் அணைத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ மறுபடியும் போட்டாள். கடற்கரையில் இறங்கியதும் நான் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். அமெரிக்காக் குளிருக்கு என்று அவள் கட்டாயப்படுத்தி எனக்கு வாங்கிக் கொடுத்த மப்ளர் ஒன்று இருந்தது. சன்னிவேலின் வெயிலில் அதை ஒருநாளும் கட்ட நேரவில்லை. வீட்டில் விட்டால் அவள் மனம் வருந்தும் என்று கைப்பையில் சுமந்து திரிந்தேன். அதைச் சுருட்டிப் பெட்டிக்கு அண்டை கொடுத்தேன். திரும்பும்போது சத்தம் வரவில்லை.

வெயிலைத் தேடிப் போனவர்களுக்குக் கடலில் மூடுபனிதான் கிடைத்தது. ஜூலையில் மக்கள் கம்பளிச் சட்டையோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் என் அருகில் வந்து நின்றான்.

"சில பேர் இங்கயே கடல்ல கரைச்சிடறாங்கப்பா. போட் எடுத்துட்டுக் கொஞ்சம் தூரம் உள்ள போகணும். எல்லா சமுத்திரமும் ஒண்ணுதான்னு சொல்றாங்க."

தான் ஊருக்கு வர முடியாத சங்கடத்தைத்தான் அவன் அப்படிச் சொன்னான். நான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தேன். பனிக்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. ஊரில் மார்கழிக் காலையில்கூட வெந்நீர் வைக்காமல் கால் கழுவாதவள் அவள்.

"வேண்டாம்" என்றேன். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். எங்கே போனாலும் அவன் வண்டியை நிறுத்த நிழலைத் தேடினான். நுழைவாயிலுக்கு நேரே இடம் காலியாக இருந்தாலும் தாண்டிப்போய், கோடியில் ஒரு மரத்தின் அடியில் நிறுத்துவான். பிள்ளைத்தாச்சி அத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று ஒருமுறை நான் சொன்னேன். "வெயில்ல நிறுத்தினா ஐஸ் பாக்ஸ் சூடாயிடும்பா" என்றான். ஐஸ் பாக்ஸ் அன்று வீட்டில் இருந்தது. மருமகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். அவள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

வார நாட்கள் வேறு விதம். பிள்ளைகள் அலுவலகம் போன பிறகு அடுக்ககம் எங்களைப் போன்ற வயதானவர்களிடம் வந்துவிடும். ஆறு மாத விசாவில் வந்த அப்பாக்களும் அம்மாக்களும். வெள்ளை கேன்வாஸ் ஷூவும் வேட்டியுமாக, சேலைக்கு மேல் ஸ்வெட்டருமாக, நீச்சல்குளத்தைச் சுற்றி நடப்போம். சென்னையில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னோடு நடப்பார். என் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். டிக்கியில் இருப்பது தெரியாது.

"இந்த ஊர்ல நம்ம நெலமை என்ன தெரியுமா சார்?" என்பார். "நாம லக்கேஜ். ஏத்தினா ஏறணும், எறக்கினா எறங்கணும். சாவி அவங்க கையில. எங்க போறோம்னு லக்கேஜ் கேக்கலாமோ? நேத்து என் பையன் எங்களைக் கார்லயே உக்காத்தி வெச்சுட்டு ஒரு மணி நேரம் கடைக்குள்ள போயிட்டான். என் ஒய்ஃப் சொல்றா, நல்லவேளை, ஜன்னலையாவது தெறந்து வெச்சுட்டுப் போனான்னு."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன். அன்று நடை முடிந்ததும் கார் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் போனேன். மகன் அன்று ரயிலில் போயிருந்தான். வண்டி அங்கே நின்றது. சற்று நேரம் நின்றுவிட்டு மேலே ஏறிப்போனேன்.

ஜூலை நடுவில் மகன் எங்களைச் சான் ஹோசேக்கு அழைத்துப் போனான். அங்கே ஜப்பானியர்கள் பல தலைமுறைகளாக வாழும் தெருக்கள் உண்டு. பழத்தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களுடைய கோடைத் திருவிழா அது. தெருவை மறித்துக் குறுக்கும் நெடுக்கும் காகித விளக்குகள் கட்டியிருந்தார்கள். மாலை வெயில் இன்னும் இருந்ததால் அவை எரிகின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. மேடையில் பெரிய முரசு. பருத்தி அங்கி அணிந்த ஆண்களும் பெண்களும் தெரு நெடுகிலும் நீண்ட வட்டமாகச் சுற்றி ஆடினார்கள். வேகமான ஆட்டமல்ல. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே, கையை உயர்த்தி ஒரு தட்டு. பள்ளி வயதுப் பெண்கள் முன்னால் போகும் கிழவிகளின் பாதங்களைப் பார்த்துப் பார்த்துத் தப்பும் சரியுமாக அடி வைத்தார்கள்.

மருமகளை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தோம். பக்கத்து நாற்காலியிலிருந்த மூதாட்டி அவள் வயிற்றைப் பார்த்துப் புன்னகைத்து ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தாள். சிறிது நேரம் கழித்து மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இது செத்துப் போனவங்களுக்காக ஆடறதாம். வருஷத்துக்கு ஒரு தடவை, சம்மர்ல, அவங்க எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி வருவாங்களாம். வந்தவங்களைச் சந்தோஷப்படுத்தி அனுப்பணுமாம்."

நான் தலையசைத்தேன்.

"அத்தை இருந்திருந்தா எறங்கி ஆடியிருப்பாங்க" என்றாள்.

உண்மைதான். கோயில் நோன்பியில் கும்மி வட்டத்தை முன்னின்று நடத்தியவள் என் மனைவி. திருமணமான புதிதில் கல்லூரி ஆசிரியரின் மனைவி தெருவில் கும்மியடிக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "அவருக்குப் பாடம் எடுக்கத் தெரியுமுங்க, எனக்கு இது தெரியுமுங்க" என்றவள். முன்னே வைத்த அடியைப் பின்னே எடுக்கும்போது அவள் தலை இலேசாக இடப்பக்கம் சாயும். அந்த வட்டத்தில் சாம்பல் நிற அங்கி அணிந்த ஒருத்தியின் தலை அப்படிச் சாய்ந்தது. அவள் சுற்றி வரும்வரை பார்த்திருந்தேன். மறுபடியும் சுற்றி வரும்வரையும் பார்த்திருந்தேன்.

மகனைக் காணவில்லை. திரும்பி வந்தபோது எங்கே போனாய் என்று கேட்டேன்.

"வண்டியைக் கொஞ்சம் மாத்தி நிறுத்திட்டு வந்தேன்பா. நிழல் நகர்ந்துடுச்சு."

ஆகஸ்டு பிறந்ததும் திருப்பூரிலிருந்து சம்பந்தியம்மாள், மருமகளின் தாயார், வந்து சேர்ந்தார். வந்த கையோடு என் மனைவியின் படத்துக்கு முன் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு எழுந்து முகம் கழுவி, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, சமையலறையைக் கழுவிவிட்டார். அவர் வந்த பிறகு வீட்டில் மறுபடி ரசத்தின் வாசனை வந்தது. டிக்கியைப் பற்றி மகள் சொல்லித் தெரிந்துகொண்டதும் என் எதிரில் வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணா, நாஞ் சொல்றனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"அந்த வண்டியிலதானுங்க புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். அதே வண்டியிலதான் பச்சக் கொழந்தயக் கொண்டாரோணும். எனக்கு மனசு கெடந்து அடிக்குதுங்க. அவிங்க மகராசிதான், இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

அவர் சொன்னதில் தவறில்லை. பெட்டியை வீட்டுக்குள் விடாத அதே வழக்கம்தான் வண்டியிலும் வைக்காதே என்றது. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை மறுக்க எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? அவருக்கோ மகளின் உயிரும் குழந்தையின் உயிரும். சற்றுத் தள்ளி ஃப்ரீமாண்டில், மகனின் நண்பன் ஒருவனுடைய சொந்த வீட்டுத் தோட்டத்தில் பெரிய எலுமிச்சை மரம் இருந்தது. சனிக்கிழமை அங்கே கொண்டுபோய்விடலாம் என்றான் மகன். என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"சரி" என்றேன்.

அந்த வாரம் நான் நடைக்குப் போகவில்லை. சனிக்கிழமை நானும் உடன்வருகிறேனா என்று மகன் கேட்டான். மப்ளரை அவளோடு அனுப்புவதா, எடுத்துக்கொள்வதா என்பதில்தான் என் யோசனை நின்றது. அதையும் அவனிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் மருமகளுக்கு வலி கண்டுவிட்டது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் வாரங்கள் இருந்தன. மகன் அலுவலகத்திலிருந்து பறந்து வந்தான். சம்பந்தியம்மாள் ஒரு கையில் பிளாஸ்கும் ஒரு கையில் மகளுமாகப் படியிறங்கினார். நான் தூக்கிவந்த ஆஸ்பத்திரிப் பையை வாங்கிக்கொண்ட மகன் வழக்கம்போல் வண்டியின் பின்பக்கம் போனான். டிக்கியில் கையை வைத்தான். பிறகு பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். நான் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மாள் முன்னிருக்கையிலிருந்த மகளின் தோளைத் தடவியபடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் முதுகுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. மப்ளர் நன்றாகத்தான் அண்டை கொடுத்திருந்தது.

எங்களை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு அவன் வண்டியை நிறுத்தப் போனான். வர நேரமாயிற்று. மூச்சிரைக்க ஓடி வந்தவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்.

"நிழல் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுப்பா."

சம்பந்தியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது பேச நேரமில்லை.

குழந்தை எட்டு மணி சுமாருக்குப் பிறந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மகன் கதவைத் திறந்துகொண்டு வந்து, "பொண்ணுப்பா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டான். சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா, அவிங்களும் வந்திருக்கறாங்களா?"

நான் ஜன்னல் வழியே கீழே வாகன நிறுத்தத்தின் பக்கம் பார்த்தேன்.

"வராம இருப்பாங்களா" என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரல். "பேச்சுக் கேக்கற ஆளுங்களா அவிங்க? பொண்ணுப் பாக்க வந்த அன்னிக்குச் சொன்னனுங்க, அடுப்படி ஒரே வேக்காடு, அங்க வராதீங்க, மொதமொத வந்திருக்கறீங்க, முன்னால ஆசாரத்துல உக்காருங்கன்னு. உள்ள வந்து என்ற கையில இருந்து கரண்டியப் புடுங்கிட்டாங்க. பஜ்ஜி கருகுதுன்னாங்க. கருகத்தான் செஞ்சுதுங்க."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"போங்கண்ணா. கீழ போயி ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வாங்க. அவிங்களாத் தெரிஞ்சுக்கட்டும்னு உட்டராதீங்க."

வாகன நிறுத்தத்தின் கடைசி வரிசையில், வேலியோரம் ஒரு மரத்தின் அடியில் வண்டி நின்றது. வெயில் எப்போதோ போயிருந்தது. சாவி என்னிடம் இல்லை. டிக்கியின் மூடிமேல் கையை வைத்தேன். தகட்டில் பகலின் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பெட்டியோடு நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. படித்தவனுக்குப் பழக்கமில்லாத காரியம். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"பொண்ணு" என்றேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அதற்கு மேல் சொல்ல என்னிடம் செய்தி இல்லை. குழந்தையை நானே இன்னும் பார்த்திருக்கவில்லை. நன்றாக இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.

சனிக்கிழமை வந்தது. ஃப்ரீமாண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றுதான் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சம்பந்தியம்மாள் பேத்தியின் பக்கத்தில் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வளைவு வரும்போதெல்லாம், "மெதுவாப் போ சாமி, மெதுவா" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

செப்டம்பரில் நான் தனியாக ஊருக்குத் திரும்பினேன். விமானத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கூடுதுறையில் என் மைத்துனர் மகனுக்குப் பதிலாக நின்றார். காவிரியில் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. படியில் இறங்குவதற்குமுன் காலை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.